லிண்ட்னரின் பேத்திக்கு ஒரு மாலை

ஜேர்மனி
23.07.1986

அன்புள்ள மகள் புஷ்பராணிக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். சாம்பியாவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். உன் விறாந்தைக்குச் சீமெந்து போடுவதாக எழுதியிருந்தாய், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் எனக்குப் பொறுக்காது. இந்த ஊர்ச் சீமெந்து ஆலையைத் தொடங்கிய கஸ்பர் லிண்ட்னர் பிறந்து நூற்றைம்பது ஆண்டு என்று விழா எடுத்தார்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல எங்கள் ஜேர்மன் வகுப்பிலிருந்து டீச்சர் என்னை அனுப்பினார். உன் அண்ணி ஜெயமலர் அந்த ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பழக, இங்கே அவுஸ்பில்டுங் என்பார்கள், கேட்டு எழுதிய விண்ணப்பம் முதலாளியின் மேசையில் கிடக்கிறது. அதனால் உன் அண்ணன் அரியரத்தினத்துக்கு ஒரே நடுக்கம். அம்மா, ஒண்டும் பிழைவிடாமல் கதையுங்கோ என்று காலையிலிருந்து ஓதிக்கொண்டிருந்தான். கன்னியர் மடத்தில் படித்தவளுக்கு அவன் சொல்கிற புத்தியைப் பார்.

தாளைப் பார்க்காமல், கையை ஆட்டாமல் சொன்னேன். லிண்ட்னர் மா குழைத்துப் பாண் சுடுகிறவரின் மகன். சீமெந்து செய்து பார்க்கத் தகப்பனின் போறணை அடுப்பில் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் போட்டுச் சுட்டு, போறணை வெடித்து, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். பிறகு சொந்தமாக ஆலை வைத்து ஆற்றுப் பாலத்துக்குச் சீமெந்து கொடுத்தார். தூணில் மயிரிழை அளவு வெடிப்புக் கண்டதும், நகரசபை பரவாயில்லை என்று சொல்லியும் கேளாமல், தானே இடித்துத் திரும்பக் கட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு பிடி எடுத்துக் குழைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துத்தான் வெளியே விட்டார். உன் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் பார்த்ததும் இதே வேலைதான் என்று முடித்தபோது கைதட்டு ஓயவில்லை. ஒரேயொரு சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். வேறு ஒருவரும் கவனிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். முன்வரிசையில் லிண்ட்னரின் பேத்தி, இப்போதைய முதலாளியின் தாய், என்னைவிட மூத்தவர், இருந்தார். அப்படிப்பட்டவருக்கு மாலை போடாமல் விடுவோமா? ஜெயமலர் கட்டிய செவ்வந்தி மாலையை அவர் கழுத்தில் போட்டேன். மண்டபமே எழும்பிப் பார்த்தது. இங்கே பூவை வளையமாகக் கட்டுவது செத்தவர்களுக்குத்தானாம்! ஐயோ மாமி, என்ர வேலை போச்சு என்று ஜெயமலர் பின்னாலிருந்து முனகினாள். முதலாளி முகம் சிவந்து எழுந்து மாலையைக் கழற்றப் போனார். தாய் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டி, மாலையை முகர்ந்து பார்த்து, செத்தபிறகு போட்டால் இந்த வாசம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஜெயமலரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை. தாத்தா இருந்தால் இந்தக் கைகளை வெளியே விட்டிருக்க மாட்டார் என்று மகனிடம் சொன்னார். இன்று காலை ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. செப்டெம்பரில் ஜெயமலர் தொடங்குகிறாள். அரியரத்தினம் இப்போது எல்லாம் தன்னுடைய யோசனை மாதிரிக் கதைக்கிறான்.

இனி உன் விறாந்தை. போட்ட மறுநாளே ஈரச் சாக்கு விரித்து, ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், காயவிடாதே. மேசன் போதும் என்பான், கேட்காதே. மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். புறப்படும்போது அந்த அம்மா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். அவரும் புருஷனை இழந்தவர்தான். உன் அப்பா போனபின் என் மேல் பூப் பட்டது இதுதான் முதல் தடவை. ஊரில் என்றால் உடனே கழற்றியிருப்பேன். வீடுவரை போட்டுக்கொண்டே வந்து, அந்தக் கோலத்தோடேயே இந்தப் படத்தையும் எடுப்பித்தேன். ஒருவருக்கும் காட்டாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். வேண்டாம், எல்லாருக்கும் காட்டு.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
சுந்தரேஸ்வரி ஞானசுந்தரம்