மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்று

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ நன்றாக இருக்கிறாய் என்று புத்தகத்தில் உன் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நாங்களும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

நீ அனுப்பிய கட்டடக்கலை ஆண்டு மலர் வந்து சேர்ந்தது. இந்த வருஷம் உலகத்தில் எழும்பிய சிறந்த கட்டடங்களை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்த்தேன். இரும்பே இல்லாமல் மரத்தாலேயே அத்தனை மாடி, மூடிப்போன மின்நிலையத்துக்குள் நூலகம், இயந்திரம் மண்ணை முறுக்கு மாதிரிப் பிழிந்து பிழிந்து எழுப்பிய பள்ளிக்கூடம், கெட்டிக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் நடுவில் நம் வீடு. பெற்றோருக்காக மகள் கட்டிய வீடாம். பெற்றோரைத்தான் காணோம். படம் எடுக்க வந்தவர்கள் அம்மாவின் தையல் மெஷின், என் சாய்வு நாற்காலி, மருந்து டப்பா எல்லாவற்றையும் பின்பக்கம் அள்ளிப் போட்டுவிட்டு எங்களையும் எதிர்வீட்டில் உட்காரச் சொன்னது உனக்குத் தெரியுமோ என்னவோ. மாடிப்படியில் வெள்ளைச் சட்டையில் ஒருத்தன் ஏறுகிறானே, அவன் அவர்களுடைய கார் டிரைவர். படியின் அளவு தெரிய ஓர் ஆள் வேண்டுமாம். நான் நின்றால் அளவு தெரியாதா?

அந்தப் படியைப் பற்றித்தான் எழுத வந்தேன். காற்றில் மிதக்கும் படிகள் என்று போட்டிருக்கிறார்கள். சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போகிறவனுக்குக்கூட பஸ்ஸில் பிடிக்கக் கம்பி உண்டு, சாகும்வரை இருக்கப்போகிறவர்களுக்கு இந்த வீட்டில் இல்லை. கட்டும்போதே கேட்டேன், "அழகு கெட்டுடும்ப்பா" என்றாய். போன மாதம் அம்மாவுக்குக் காலில் சுளுக்கு என்று போனில் சொன்னோம் அல்லவா, அது சுளுக்கு இல்லை. துவைத்த துணியை அணைத்துக்கொண்டு இறங்கும்போது மேல்படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். "அவகிட்ட மூச்சு விடக்கூடாது, பரிசு வர்ற நேரம், பதறிப்போயிடுவா" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். கைப்பிடியைப் பற்றி மட்டும் உன்னிடம் மெதுவாகக் கேட்டேன். "பரிசுக்கு நடுவருங்க வந்து வீட்டைப் பார்த்துட்டுப் போகட்டும்ப்பா, அதுவரைக்கும் பார்த்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

இப்போது அம்மாவின் கட்டில் கீழே ஹாலில் கிடக்கிறது. நிசப்தமான வெற்றிடம் என்று புத்தகத்தில் புகழ்ந்திருக்கிறார்களே, சரியாக அந்த இடத்தில். நேற்று வெல்டரைக் கூப்பிட்டுக் கைப்பிடி வைத்துவிட்டேன். கையில் மிச்சம் இருந்த பச்சை பெயின்ட்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சுவரில் துளை போடும் சத்தம் கேட்டதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், "புள்ளையோட பேரைக் கெடுத்துட்டீங்களே" என்று. நான் டீ வாங்க வெளியே போன நேரம் பார்த்து வெல்டரைக் கெஞ்சி, பற்றவைக்காமல் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லியிருக்கிறாள். நடுவர்கள் வரும் அன்று கழற்றிவிட்டு, அவர்கள் போனதும் மாட்டிக்கொள்ளலாமாம். அவளையும் கட்டிலோடு எதிர்வீட்டுக்குத் தூக்கிவிடலாமாம். இவளை என்னவென்று சொல்ல?

நடுவர்களோடு நீயும் வருவதாக எழுதியிருக்கிறாய். வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு அலையாதே. உன் பெயர் இன்னும் பெரிதாகட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக இரு. ஆனால் அந்தக் கைப்பிடியைக் கழற்ற நான் கை வைக்கமாட்டேன், வெல்டரையும் விடமாட்டேன். பரிசுக்கு அது இடைஞ்சல் என்றால் நீயே கழற்று. ஸ்பேனர் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கேள், சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா