வி.ஏ.ஓ. கேட்ட அன்று நான் சொன்னது

மரக்காணம்,
ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சாமி புண்ணியத்தில் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் திருப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுகிறாய், எனக்கோ சொல்ல வந்ததைச் சொல்ல இடமே கிடைப்பதில்லை. அதனால் தம்பியின் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

போன வாரம் இரண்டு நாள் அடித்த மழையில் பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. பாத்தியை மிதித்துத் திருத்தி மறுபடி தண்ணீர் கட்டி உப்பு விளைய இன்னும் பத்துப் பதினைந்து நாளாகும், அதுவரை முதலாளி பாதிப் பேரைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார். அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொள்வதால் கூடை தூக்கப் போவதில்லை, வீட்டில் இருந்தபடி என்னைத் திட்டுவதற்கு நேற்று வரை அவளுக்கு நேரம் நிறையக் கிடைத்தது. பாக்கியலட்சுமியின் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டான், உன் அக்கா அவன் பின்னாலேயே ஓடி இளைத்துப்போயிருக்கிறாள். நீ நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிப் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் கண்ணு, அந்த மெஷின் சத்தத்தில் ராத்திரி முழுக்க நின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்.

தம்பி கலையரசனுக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த செய்தி உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. முதல் பட்டதாரி சலுகை இருந்தால் ஃபீஸ் குறையுமே என்று இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஒங்க பொண்ணு பேர்ல ஏற்கெனவே வாங்கிட்டீங்களே, வீட்டுக்கு ஒருத்தருக்குத்தாங்க என்று சொல்லிவிட்டார். அவ படிச்சு முடிக்கலீங்களே என்றேன். முடிச்சாலும் முடிக்காட்டியும் வாங்குனது வாங்குனதுதாங்க என்றார். நம் வீட்டில் இன்னும் ஒரு பட்டதாரி கூடக் கிடையாது, ஆனால் முதல் பட்டதாரிக்கு உண்டான சலுகை தீர்ந்துபோய்விட்டது. தம்பி வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சரி, ஸ்காலர்ஷிப்பாவது போடலாம் என்று வருமானச் சான்றுக்கு மனு கொடுத்தேன். இப்போது புதிதாக ஒரு பெண் வி.ஏ.ஓ. வந்திருக்கிறார், விசாரணைக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அக்காவின் மாமனார் கலியபெருமாள் குழந்தையைக் காட்ட வந்திருந்தவர், வெயிலில் நடக்காதீங்க என்று தன் வண்டியிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெளியிலேயே இருங்க சம்மந்தி என்றேன், அவர் கேட்காமல் உள்ளே வந்து என் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மா என்ன வேலை என்று கேட்டார்கள். எனக்கு வேர்த்து ஊற்றியது. பாத்தியில கூலிக்குப் போறேம்மா, மழக்காலத்துல அதுவும் இல்ல என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை.

வெளியே வந்து சம்பந்தி முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவர் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், ஏங்க சம்மந்தி, இதுக்கா இப்படி வேர்க்குது, எங்களுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும், ஒங்க காலப் பாத்தாலே தெரியாதா, குத்தகைக்காரன் காலு இப்படியா வெடிச்சிருக்கும், பொண்ணு புடிச்சிருந்துச்சு, செஞ்சுட்டோம் என்று சொல்லிச் சிரித்தார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை, ரேணுகா.

ஏன் என்று உனக்குப் புரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், பரீட்சை சமயம். கார்த்திகை மாதம், உப்பளமெல்லாம் மழையில் முழுகி நான் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். அக்காவைப் பெண் பார்க்க இந்தச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நாலு ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். கூலின்னு சொன்னா எழுந்து போயிடுவாங்க என்று தரகர்தான் சொல்லிக்கொடுத்தார், ஆனாலும் வாய் என்னுடையது. எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பழைய வி.ஏ.ஓ. வண்டியில் வந்து இறங்கினார். தெருவில் மழைச் சேதம் பார்க்க வந்தவர், உன் ஸ்காலர்ஷிப்புக்காக நான் போட்டிருந்த வருமானச் சான்று மனு ஞாபகம் வந்து, வாசலில் நின்றபடியே, சகாதேவன், என்னா வேல பாக்குறீங்க, வருஷத்துக்கு எவ்ளோ வருது என்று கேட்டார். உள்ளே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து தெருவுக்குப் போய் அவர் காதில் சொல்லியிருக்கலாம். போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, குத்தகைக்கு ஓட்டுறேன் சார், மூணு லட்சம் வரும் என்றேன். அவர் நல்ல மனிதர். யோசிச்சு சொல்லுங்க, பொண்ணு படிப்புக்குத்தானே கேக்குறீங்க என்று இன்னொரு தடவையும் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, எழுதுங்க சார் என்றேன்.

ஸ்காலர்ஷிப்புக்கு வரம்பு இரண்டரை லட்சம். சான்று மூன்று லட்சத்துக்கு வந்தது. நீதான் பரீட்சை என்று ஸ்காலர்ஷிப் மனுவை என்னையே ஆன்லைனில் போடச் சொல்லியிருந்தாய். கல்யாணம் முடியட்டும், பிறகு ஆபீசில் காலைப் பிடித்தாவது திருத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சான்றையே போட்டேன். கல்யாணம் பிப்ரவரியில், கடைசித் தேதி ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ரிஜெக்ட் என்று வந்ததும் காலேஜ் ஆபீசில் உனக்குக் காரணம் ஒழுங்காகச் சொல்லவில்லை, நீ அழுதுகொண்டே என்னைக் கேட்டாய். பேங்க் கணக்கில் ஆதார் சேர்க்கச் சொல்லியும் நீ ஒரு வாரம் தள்ளிப்போட்டாயே, அதனால்தான் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். நீ நம்பினாய். உன் பணம் அதனால் நிற்கவில்லை. நின்றது என்னால்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அனுபவித்தது. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றாய், படிக்கிற பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் ஆயிரம் ரூபாயும் நின்றது, இந்தத் தெருப் பெண்களோடு திருப்பூருக்கு பஸ் ஏறினாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில், தம்பி ஃபீஸ நான் பாத்துக்குறேம்பா, என் கவனக்கொறவால என் படிப்பு போச்சு, அவனுதாவது நிக்கக் கூடாது என்றாய். நான் சரிம்மா என்றேன். வைத்துவிட்டு மறுநாள் விடியும் வரை என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று உங்கள் காலேஜுக்குப் போய்வந்தேன். விட்ட இடத்திலிருந்து சேரலாமாம், வருகிற ஜூன் வரைக்கும்தான், அதைத் தாண்டினால் முடியாது என்றார்கள். ஆனால் பழைய பாக்கி கட்டினால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் தருவார்களாம். அங்கிருந்து பேங்குக்குப் போய்க் கல்விக்கடன் கேட்டேன். காலேஜ் கடிதம் இருந்தால்தான் மனுவையே வாங்குவோம் என்றார் மேனேஜர். இரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், நடுவில் நான் பஸ்ஸில் போய்ப்போய் வருகிறேன். பாக்கிக்கு முதலாளியிடம் அடுத்த வருஷக் கூலியில் முன்பணம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார். நடக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. நடந்தாலும் உன்னோடு படித்தவர்கள் இந்நேரம் கடைசி வருஷத்தில் இருக்கிறார்கள், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. தம்பி படிப்புக்கு நீ பைசா அனுப்பாதே. அவன் சான்று இந்தத் தடவை சரியாக வந்திருக்கிறது, ஸ்காலர்ஷிப் வரும், மீதிக்கு நான் இருக்கிறேன்.

இதையெல்லாம் முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் உன் காலேஜ் புத்தகப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள், இன்னும் என்னோடு பேசவில்லை.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும், உன் கண்ணில் தண்ணீர் வந்ததெல்லாம் இதோடு போக வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன், என் ஆசீர்வாதம் பலிக்குமா என்று தெரியவில்லை. கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மா போனுக்காவது அடி. என்னிடம் பேசினால், திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்றரை வருஷமாகப் போனை வைக்கும்போதெல்லாம், என்ன மன்னிச்சிடுப்பா என்று சொல்கிறாயே, அதை மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சகாதேவன்