முனையில் குங்குமம் வைத்த வேல்

செம்பவாங்
மார்ச் 9

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி வருண் மூவரும் சுகம், அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க முருகன் துணை. முருகன் பேரை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, ஏன் என்று உனக்கே தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். ஃபோனில் சொன்னபோது, “ஒரே ஒரு ரவுண்டுதானே பா, ரிலாக்ஸ் லா” என்று சிரித்தாய். போலீஸ் வந்துபோனது என்றதும் சிரிப்பு நின்றது. மறுநாள், “அப்படின்னா நான் தம்பி கல்யாணத்துக்கு வரலை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அதோடு சரி. அதற்குப் பதில் ஒரு வரியில் எழுத எனக்கு வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

என் வலது கண்ணில் புரை எடுத்தது தெரியுமல்லவா, கட்டுப் பிரித்து நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டுச் சாமி கும்பிட நின்றேன். இத்தனை நாள் புகைமூட்டமாகத் தெரிந்த சாமி அலமாரி பளிச்சென்று தெரிந்தது. முருகன் படத்துக்கு முன்னால், சந்தனம் பூசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு தோட்டா நிற்கிறது! இது என்னடி என்று அம்மாவைக் கூப்பிட்டேன். “மெதுவா பேசுங்க, அது ரக்ஷனா கொண்டுவந்த வேல்” என்கிறாள். போன ஜூலையில் வந்தபோது இந்த ஊர் வெயிலுக்கு வேண்டாம் என்று அலமாரியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாயே தடித்த ஜாக்கெட், அதைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து விழுந்ததாம். பித்தளை, கூர் முனை, முனையில் சிவப்பு. மகள் அமெரிக்கக் கோயிலில் குங்குமம் வைத்தே வாங்கி வந்திருக்கிறாள், சொல்ல மறந்துவிட்டாள் என்று தேக்கா சந்தையில் வாங்கிய புளியைப் போட்டு மினுக்கி, எட்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் கற்பூரம் காட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மரியம்மாள், “அழகா இருக்கே, எனக்கும் ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க” என்றாராம். நானும்தான் எட்டு மாதம் அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், என்னை எதால் அடிப்பது?

அந்தச் சிவப்பு எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் ஒரு வருஷமாக நீ என் காதைத் தின்றது இந்தச் சமாசாரத்தைச் சொல்லித்தான். பண்ணைக்காரர்களின் ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி நரி தூக்கிக்கொண்டு போகிறது, மாட்டு டாக்டராகப் போன நீ துப்பாக்கி எடுத்தாய், சரி, அந்த ஊர் வழக்கம். எடுத்தவள் கடையில் டப்பா டப்பாவாக விற்கிற தோட்டாவை வாங்கிச் சுட வேண்டியதுதானே? டூ-டூ-த்ரீயா, டூ-ஃபோர்-த்ரீயா, ட்வென்ட்டி-டூ டூ-ஃபிஃப்டியா என்று தோட்டா அளவுகளை பஸ் நம்பர் மாதிரி அடுக்கினாய். பெரியது நரித்தோலைக் கந்தலாக்கிவிடும், சின்னது அந்தப் பொட்டல் காற்றில் ஒதுங்கிப் போகும், சிவப்புப் பிளாஸ்டிக் மூக்கு வைத்த குண்டு என்றால் உள்ளேயே உடைந்துவிடும், மறுபக்கம் தோல் கிழியாது என்று பாடம் எடுத்தாய். கடைத் தோட்டா இருநூறு கஜத்தில் சிதறுகிறது, என் கையால் வெடிமருந்து அடைத்தது ஐம்பது காசு வட்டத்துக்குள் போகிறது என்று பெருமை வேறு. அம்மா கேட்டால், “மருந்து அளந்துக்கிட்டு இருக்கேன்மா” என்பாய், அவள் ஆட்டுக்கு மருந்து என்று நினைத்துப் பூரித்துப் போவாள். அளப்பதெல்லாம் அளந்தாய், ஜாக்கெட் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. இரண்டு விமான நிலையம் தாண்டி அது எப்படி வந்தது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், எனக்கென்ன தெரியும்?

அம்மா உடனே, “பேசாம குப்பைக் குழாயில போட்டுடுங்க, ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன். ஆனால் கீழே குப்பையை அழுத்துகிற இயந்திரம் இருக்கிறது, அதில் இது வெடித்தால்? அதை இழுக்கிற ஆள், அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. நான் என்எஸ்ஸில், அந்தக் கட்டாய ராணுவச் சேவையில், ஆயுதக் கிடங்கில் இருந்தவன். ஒரு காலிக் கூடு குறைந்ததற்கு முப்பது பேர் மழையில் லாலாங் புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடியிருக்கிறோம். கிடைக்கும்வரை ஒருவனுக்கும் சோறு இல்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், வெடிக்காத தோட்டாவுக்குப் பக்கத்தில், கற்பூரம்! இந்த ஊரில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றம், போலீஸுக்கு ஃபோன் செய்தேன். அர்ஃபான் என்று ஒரு சார்ஜென்ட், வருண் வயசுதான், கூட இரண்டு பேரோடு வந்தார். “அங்கிள், யாரும் தொடாதீங்க” என்று கையுறை போட்டு எடுத்தார். உன் அம்மா அவரிடம், “சந்தனத்தைத் துடைச்சிட்டுக் கொடுக்கவா தம்பி” என்று கேட்டாள், அவர் சந்தனத்தோடேயே உறையில் போட்டு மூடினார்.

பிறகு இது யாருடையது என்று கேட்டார். அம்மா என் முதுகில் கிள்ளினாள். நான் உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், நீ இருக்கிற ஊரையும் சொன்னேன். மூன்று நாள் அம்மா தட்டை வைத்த வேகத்தில் ரசம் சிந்தியது. பெத்த மகளைக் காட்டிக் கொடுத்த மனுஷன் என்று வருணிடம் சொன்னாளாம். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், நாளைக்கு நீ வந்து இறங்கும்போது அந்தப் பொய்யையும் சேர்த்து நீதான் சுமக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது. அர்ஃபான் போகும்போது, “சொன்னது நல்லது அங்கிள். அக்கா வந்து ஸ்டேட்மென்ட் கொடுக்கணும், அப்புறம் என்ன ஆகும்னு நான் இப்ப சொல்ல முடியாது” என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் உன்னைப் பயமுறுத்துகிறது. என்னையும்தான்.

அதற்காக வராமல் இருப்பாயா? வருணுக்கு அக்கா நீ ஒருத்தி. பொங்கோலில் வாங்கிய புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் உனக்கு ஓர் அறை என்று முதலில் ஒதுக்கியவன் அவன், நாத்தனார் முடிச்சுப் போட வேறு யாரைக் கூப்பிடுவான்? இந்த வருஷம் வராவிட்டால் அடுத்த வருஷமும் பயம் இருக்கும், அதற்கடுத்த வருஷமும் இருக்கும், அப்புறம் இந்த ஊருக்கே நீ வராமல் போய்விடுவாய். தோட்டா அடைப்பதை விட்டுவிடு என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் கேட்கிற ஆளா நீ? அடைக்கிற மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும், அளக்கும்போது அம்மாவின் ஃபோனைக்கூட எடுக்காதே, அடைத்ததை எண்ணி வை, எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும்வரை சாப்பிடாதே. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வா. வரும் தேதியை முன்கூட்டியே அர்ஃபானிடம் சொல்லிவிடலாம். ஸ்டேட்மென்ட் கொடுக்க நீ தனியாகப் போக வேண்டாம், நானும் வருவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

சாமி அலமாரியில் அது நின்ற இடத்தில் சந்தன வட்டம் ஒன்று இருக்கிறது. அம்மா அதைத் துடைக்கவும் இல்லை, அங்கே வேறு எதையும் வைக்கவும் இல்லை. நீ வந்து சிராங்கூன் ரோட்டில் உன் கையால் ஒரு நிஜ வேல் வாங்கி வைத்தால்தான் ஆயிற்று என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். புறப்படுகிற அன்று ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறு. உதறிவிட்டு, சுடுதளத்தை விட்டு வருமுன் நாங்கள் வரிசையில் நின்று சொல்வோமே, “நோ லைவ் ரவுண்ட்ஸ், நோ எம்ப்டி கேஸஸ், சார்”, தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை என்று, அதை எனக்கு ஃபோனில் வாய்விட்டுச் சொல். சொல்லாமல் விமானம் ஏறாதே, நான் ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன்னைக் காட்டிக் கொடுத்த,
அப்பா மருதப்பன்