தள்ளிவைத்த பள்ளிக்கூட மணி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. எனக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, காதுக்குள் ஹாரன் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வதில்லை. அப்பா எதையும் மூன்று தடவை சொன்னால்தான் எனக்குக் கேட்கிறது, வேண்டுமென்றே கேட்காதது போல் இருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம், பாதி உண்மைதான். இந்த டிராபிக் போலீஸ் வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி நீ போனில் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன் அல்லவா, காரணம் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் தெருமுனைத் தையல்காரருக்கு நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. அவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் காலை எட்டே முக்காலுக்கு, நான் நிற்கும் நாற்சந்தியில் மாட்டிக்கொண்டது. அந்தச் சாலையில் இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு பெரிய அலுவலகமும் ஒன்பது மணிக்கே திறக்கின்றன, காருக்கு ஒரு பிள்ளை, ஸ்கூட்டருக்கு இரண்டு. நான் விசில் ஊதி, வண்டிகளைக் கையால் தட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி வழி விடுவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஒதுங்க இடமிருந்தால்தானே ஒதுங்குவார்கள். உள்ளே யார் என்று அப்போது எனக்குத் தெரியாது, சாயங்காலம் அவர் மனைவி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. உயிர் பிழைத்துவிட்டார், வலது கை வரவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மா அதை என்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவழிப் பாதையாக்கிப் பார்த்தோம், பக்கத்துத் தெரு அடைத்துக்கொண்டது. காலையில் லாரிகளை நிறுத்தினோம், சாலை இரண்டு நாள் மூச்சு விட்டது, அப்புறம் பழையபடிதான். மூன்று இடமும் ஒரே நேரத்தில் திறக்கிறவரை எதுவும் நடக்காது என்று தோன்றியதும், டியூட்டி முடிந்து பெரிய பள்ளியின் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். அரை மணி தள்ளித் திறக்க முடியுமா என்று கேட்டேன். உங்க வேலை சுலபமாக எங்க மணியை மாத்தணுமா என்றார். மூன்று தடவை இதே பதில். நாலாவது தடவை மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எதுக்கும்மா இப்படி அலையறீங்க என்று பக்கத்தில் வந்து கேட்டார். தையல்காரர் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவரும் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். பிறகு, ஒரு மாசம் பார்ப்போம், பெத்தவங்க சண்டைக்கு வந்தா உங்ககிட்டதான் அனுப்புவேன் என்றார். அப்படியே அனுப்பினார், பதினொரு பேர் வந்தார்கள், வெயிலில் நின்று எல்லாரிடமும் பேசினேன்.

இப்போது ஒன்பதரைக்குத்தான் அங்கே மணி அடிக்கிறது. முன்பு கடக்க இருபத்தைந்து நிமிடம் ஆன இடத்தைப் பத்து நிமிடத்தில் கடக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது, நான் கையைத் தூக்குவதற்குள் தாண்டிப் போய்விட்டது. எல்லாம் போன மாதம் அங்கே வைத்த புது சிக்னலின் வேலை என்று எங்கள் அதிகாரி கூட்டத்தில் பேசினார், திருத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சின்னப் பள்ளி ஒன்பதிலேயே இருக்கட்டும், அலுவலகக்காரர்கள்தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. ஓய்வுக்கு இருக்கிற பதினான்கு மாதத்தில் அவர்களையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டு வருகிறேன், அதுவரை கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தையல்காரரைப் பார்க்கப் போனோம். நடந்ததையெல்லாம் சொல்லி, அன்றைக்கு உங்களுக்கு வழி விட முடியவில்லையே என்றேன். அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறுகிறது. "வண்டிக்குள்ள உன் விசில் சத்தம் கேட்டுச்சும்மா. நிறுத்தாம ஊதிக்கிட்டே இருந்தே. நம்ம பொண்ணு வெளியே நிக்கிறா, விட்டுடமாட்டான்னு படுத்திருந்தேன்" என்றார். நான் எழுந்து அவர் மனைவியோடு அடுப்படிக்குப் போய்விட்டேன், அப்பாதான் ஏதோ பேசிச் சமாளித்தார்.

இடது கையால் மிஷின் ஓட்டப் பழகுகிறார். முதல் சட்டை உனக்குத்தானாம். தோள் அளவும் கை நீளமும் மருமகளை எடுக்கச் சொல்லி மறக்காமல் எழுதி அனுப்பு. தையல் கோணலாக இருந்தாலும் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை நிதானமாக ஓட்டு. இரண்டு பேரும் மனம் ஒத்து, நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா