தண்ணீர் நின்ற மூலை

ஜனவரி 9
பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இப்படி ஒரு மழை. திண்டிவனத்தில் காலை எட்டரை வரை ஒன்பது சென்டிமீட்டர். பேப்பரின் விழுப்புரம் அலுவலகத்திலிருந்து பத்து மணிக்குள் மூன்று அழைப்புகள்: பயிர்ச்சேதம், படம், உடனே.

மரக்காணம் சாலையில் பெரியதம்பியின் தர்பூசணிக் கொல்லைக்குப் போனேன். இரண்டு ஏக்கர். மார்கழித் தொடக்கத்தில் விதை ஊன்றியது. கொடி இப்போதுதான் ஓடுகிறது. கீழ்மூலையில் மட்டும் முழங்கால் தண்ணீர். அங்கே நிற்கச் சொன்னேன். "கொஞ்சம் சோகமா நில்லுங்க" என்றேன். முப்பத்தோரு வருடமாகச் சொல்வதுதான். அவர் சிரித்துவிட்டு, பிறகு அப்படியே நின்றார்.

ஜனவரி 10
"தர்பூசணி முற்றிலும் நாசம்." மூன்று பத்தி அகலத்தில் படம். கால் பங்கு பாதிப்பு என்றுதான் எழுதியிருந்தேன், எடிட்டிங் டெஸ்க்கில் வெட்டிவிட்டார்கள். படத்தை யாரும் வெட்டவில்லை. படம் என்னுடையது.

ஜனவரி 28
மரக்காணம் போகும் வழியில் இறங்கினேன். ஏழரை மணிக்கும் பனி விலகவில்லை. மேட்டுப்பக்கம் முழுக்கக் கொடி பூத்திருக்கிறது. பனியில் தேனீ வராது; பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். அதனால் பெரியதம்பியின் மனைவி லட்சுமியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் ஆண் பூவைக் கிள்ளி, ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டுக்கொண்டு போகிறார்கள். குனிந்த முதுகு நிமிரவில்லை.

"வாங்க சார்" என்றார் லட்சுமியம்மாள். "நீங்க பேப்பர்ல சாவடிச்ச கொடிக்குத்தான் கல்யாணம் பண்ணி வெச்சிக்கினு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 21
பெரியதம்பி போன் செய்தார். காய் தலை அளவு ஆனதும் சென்னையிலிருந்து வியாபாரி பிரான்சிஸ் வருவார். கொல்லையைச் சுற்றிப் பார்த்து, மொத்தமாகப் பேசி முடித்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடப் பழக்கம். இந்த வருடம் வரவில்லை. பெரியதம்பியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"உன் கொல்லைதான் போச்சே, படத்துல நீயே நிக்கிறியேன்றாரு சார். வேற ஊர்ல பேசிட்டாராம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பிரான்சிஸிடம் நானே பேசினேன். பேப்பரை நம்பியது தன் தப்பா என்று கேட்டார்.

பிப்ரவரி 22
அலுவலகத்தில் திருத்தம் போடக் கேட்டேன். ஆறு வாரப் பழைய செய்திக்கா என்றார்கள்.

மார்ச் 2
நாலு பேரிடம் சொல்லி ஒரு சின்ன வியாபாரியைப் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் கடை போடுபவர். ஒரு டாடா ஏஸ் நிறைய ஏற்றிக்கொண்டார். மீதிக்கு நாலு நாளில் வருவதாகச் சொன்னார். மீதிதான் அதிகம்.

வெயில் சுடாமலிருக்கப் பழங்களை வைக்கோலால் மூடியிருக்கிறார்கள். பெரியதம்பி வெயிலைப் பற்றிப் பேசவில்லை. கிழக்கே கூடும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றிய பழத்துக்கு இனித் தண்ணீர் ஆகாது. மழை விழுந்தால் வெடித்துவிடும்.

மார்ச் 4
மழை. நாற்பது நிமிடம்.

மார்ச் 5
போனேன். வைக்கோலை விலக்க விலக்க, வாய் பிளந்த பழங்கள். எறும்பு ஏறிவிட்டது. ஜனவரியில் அச்சான தலைப்பு இன்றைக்குத்தான் சரியாகிறது. கேமரா பையிலேயே இருந்தது. அப்படியானால் எதற்குப் போனேன்?

எழுதட்டுமா என்று பெரியதம்பியிடம் கேட்டேன்.

"அதான் முன்னாடியே எழுதிட்டீங்களே சார்."

வெடிக்காத பழம் ஒன்றைத் தேடி எடுத்து என் வண்டியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் 19
மூன்று நாளாக அடைமழை. அலுவலகம் கூப்பிட்டது: பயிர்ச்சேதம், படம், உடனே. பழக்கத்தில் வண்டி மரக்காணம் சாலையில்தான் திரும்பியது.

இரண்டு ஏக்கரிலும் இடுப்பு உயரச் சவுக்குக் கன்றுகள். கீழ்மூலையில் வழக்கம்போலத் தண்ணீர். அதிலும் வரிசை கலையாமல் நிற்கின்றன. பெரியதம்பி குடையோடு வரப்பில் வந்தார்.

"வெட்ட நாலு வருசம் ஆவும் சார். அதுவரிக்கும் என் கொல்லையில உங்களுக்கு நியூஸ் கிடையாது. டீ சாப்ட்டு போங்க."

குடித்துவிட்டு வந்தேன். மழையளவு மட்டும் ஆறு வரி அனுப்பினேன். படம் இல்லை.