நடைபாதையில் போனவள்

என் வீட்டு மகாராணிக்கு, பதினெட்டுச் சக்கரங்களின் சக்கரவர்த்தி எழுதுவது. நலமே. உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே முகத்தில் ஒரு திரைப்பெட்டியை மாட்டிவிட்டு, கணினிக்குள் இருக்கும் ஒரே சாலையில் எங்கள் எல்லோரையும் லாரி ஓட்ட வைத்துப் பழக்குகிறார்கள். நேற்றுத் தேர்வு. நடைபாதையில் ஒரு பொம்மைப் பெண் அச்சு அசல் உன்னைப் போலவே நடந்து போனாள். ஈரேழு லோகமும் அதிர பிரேக் போட்டேன். பின்னால் வந்த என் அறைத்தோழன் மோதிவிட்டான். யாருக்கும் கீறல்கூட இல்லை, பயப்படாதே.

“ஏண்ணே திடீர்னு நிறுத்துனீங்க?”

“யாரோ குறுக்க வந்துட்டாங்கடா” என்று புளுகினேன். நம்பிவிட்டான்.

இடித்தவன் மேல்தான் தப்பு என்று அவனை வேலையை விட்டே அனுப்புகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அறையில் இனி நான் மட்டும்தான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவன் அவன்தான். முதலில் வயிறாரச் சோறு போடு. பிறகு உண்மையை நீயே சொல்லிவிடு. அவனுக்கு வண்டி வந்துவிட்டது, துணிப்பெட்டியைத் தூக்குகிறான்.

உன் வீட்டுக்காரன்