டிரைவர் சீட்டு மெத்தை

ஆகஸ்ட் 3, ஞாயிறு
விடியற்காலை தூறல். வாரம் ஒரு எலும்பு மாத்திரை, இன்று ஐந்தாவது. வெறும் வயிறு, ஒரு டம்ளர் தண்ணீர். அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீயும் கூடாது. ஸ்டெல்லாவும் டீ போடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.
"நீ குடியேன்."
"உங்களுக்கு இல்லாத டீ எனக்கின்னாத்துக்கு?"
கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் காலையில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. விடிந்தால் நான் கம்பெனி பஸ் எடுக்கப் போவேன். அவள் அதே பஸ்ஸில் ஷூ கம்பெனிக்கு. பேச ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது.
வலி: கம்மி. இருமினால் மட்டும் உயிர் போகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்
வெயில். 6.40 ஹாரன். ஸ்டெல்லா என் முதுகு பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினாள். எனக்குப் பதில் ஓட்டும் தனசேகர் தெருமுனை வேகத்தடையில் கியரைக் குறைக்கவில்லை. பஸ்ஸுக்குள் பெண்கள் கத்தியது படுக்கை வரை கேட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அல்பம்தான், எழுதி வைக்கிறேன்.
சாயங்காலம் பஸ் பெண்கள் கொடுத்தனுப்பியது: முருங்கைக்கீரை, கேழ்வரகு மாவு, முட்டை 6.
"என் மெத்தை சீட்டுல இருக்குதா?"
"இல்ல. அண்ணன் வந்தா கேப்பாருன்னு பத்திரமா வச்சிக்கினு, அந்த ஆளு வெறும் சீட்டுல உக்காந்து ஓட்றாரு."
கம்பெனியில் ஷூ உள்பக்கம் ஒட்டும் லைனிங் தோலில் மிச்சமான துண்டுகளைக் கேட்டு வாங்கி ஸ்டெல்லா தைத்த மெத்தை. ஒரு டிரைவர் மெத்தையை இன்னொருத்தன் தொடமாட்டான். சீட்டு இன்னும் என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்
வேலூர் ஆஸ்பத்திரி. ஸ்டெல்லா லீவு. எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறதாம். வண்டி எப்போது எடுக்கலாம் என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடினார்.
"வீசிங்குக்கு இத்தனை வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை. எலும்பு ரஸ்க் மாதிரி ஆயிடுச்சு. ஸ்டெப்னி டயர் தூக்கினதுக்கே முதுகெலும்பு ஒண்ணு நசுங்கிடுச்சு. நடங்க, வேற வேலை பாருங்க. பஸ் வேணாம்."
ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.
திரும்பும்போது வாடகைக் காரில் பள்ளம் வந்தபோதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கையை வைத்தாள்.
"எப்பலேர்ந்து தெரியும்?"
"போன தடவையே. ஆசையா நாள் எண்ணிக்கினு இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"
கோபம் வரவில்லை. மாதனூர் வரை அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மாத்திரை 6. புழுக்கம்.
"மெத்தைய வீட்டுக்கு எடுத்தாந்துடட்டா?"
அரை மணி முடிந்தும் அவள் எழவில்லை. டீ எட்டு மணிக்குத்தான். கோயிலுக்கு லேட்.

ஆகஸ்ட் 11, திங்கள்
மேகம். பெல்ட்டோடு ஸ்டெல்லா தோளைப் பிடித்து ரோடு வரை நடந்தேன். ஜன்னல்களில் ஒரே கூச்சல்: "டிரைவரண்ணா வந்துட்டாரு!" தனசேகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவனுக்கே நாற்பத்தைந்து இருக்கும்.
"மெத்த பத்திரமா இருக்குதுண்ணா. எடுத்தாரட்டா?"
"சீட்டுல போடு."
"நீங்க வந்து..."
"நான் வரல. போட்டு உக்காரு. முதுகு போனா வராதுப்பா."
அவன் மெத்தையை எடுத்துச் சீட்டில் போட்டான்.
"அந்த வேகத்தடையில செகண்ட் கியர் போடு. பின் சக்கரத்துக்கு மேல சீட்டுல என் பொண்டாட்டி உக்காந்திருப்பா."
பஸ் கிளம்பியது. ரோட்டோரக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, வேகத்தடையில் கியர் மாறும் சத்தத்தைக் கேட்டேன். செகண்ட்.